‘நான் இருக்கேன்ல!’

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒருவர் தவித்துக்கொண்டு நிற்கிறார். நண்பர் ஓடி வருகிறார். அவர் டாக்டரும் இல்லை, பையில் பணமும் இல்லை. தோளில் கை வைத்து, ‘நான் இருக்கேன்ல... பயப்படாதே!’ என்கிறார். அவ்வளவுதான், இவருக்கு மூச்சு சீராகிறது. உள்ளே எதுவும் மாறிவிடவில்லை. பிறகு எது மாறியது?

பைபிளில் மத்தேயு சுவிசேஷம் முடிவதே இப்படியொரு வாக்கில்தான். உலகம் உள்ள வரைக்கும் உங்களைத் தனியே விடமாட்டேன் என்ற பொருளில் சீடர்களிடம் சொல்கிறார் இயேசு. கவனியுங்கள்... கஷ்டமே வராது என்று அவர் சொல்லவில்லை!

இந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டு ஆறு கடந்தவர் டேவிட் லிவிங்ஸ்டன். 1856, ஜனவரி 14. ஆப்பிரிக்காவில் ஜாம்பெசி நதியோடு லுவாங்வா நதி கலக்கும் இடம். அவரை நம்பி நூறு பேருக்கு மேல் கூட வந்திருக்கிறார்கள். அந்தப் பகுதி மக்களுக்கோ இவர்கள் மேல் சந்தேகம். தாக்குவார்களோ என்று பயம். ராத்திரியோடு ராத்திரியாக, யாருக்கும் தெரியாமல் அக்கரைக்குப் போய்விடலாமா என்று யோசித்தார் லிவிங்ஸ்டன்.

அப்போதுதான் அந்த வாக்கு ஞாபகம் வந்தது. சொன்ன சொல் தவறாத பெரிய மனிதர் கொடுத்த வாக்கு அது. அப்புறம் எதற்குத் திருட்டுத்தனமாகப் போகணும் என்ற பொருளில் டைரியில் எழுதினார். கடைசி முறையாக இருந்தாலும் சரி, அன்றிரவும் வழக்கம்போல் வானத்தைப் பார்த்துத் தீர்க்கரேகையைக் கணக்கிடப் போவதாகவும் குறித்து வைத்தார்.

மறுநாள் காலை, சுற்றிலும் ஆயுதங்களோடு ஆட்கள். கிடைத்ததோ ஒரே ஒரு படகு. சாமான்கள், மாடுகள், ஆட்கள் எல்லாம் போகிற வரைக்கும் தன் கடிகாரத்தையும் பூதக்கண்ணாடியையும் காட்டி அவர்களுக்கு வேடிக்கை காண்பித்துக்கொண்டிருந்தார். கடைசி ஆளாகப் படகில் ஏறும்போது நன்றி சொல்லி, வாழ்த்திவிட்டுப் போனார்.

ஆக, ஆறு மாறவில்லை, ஆயுதங்கள் மாறவில்லை. ஒளிந்து போக நினைத்தவர் நிமிர்ந்து போனார். மாறியது அதுதான்!

‘தப்பித்தார், அதனால் சொல்கிறீர்கள்’ என்பீர்கள். நியாயம்தான். அதே ஜாம்பெசிக் கரையில், 1862-ல், அவர் மனைவி மேரி காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது அந்த வாக்கு எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை. ‘கூட இருக்கேன்’ என்று சொன்னதை, ‘எதுவும் நடக்காமல் பார்த்துக்கறேன்’ என்று நாமாக மாற்றிப் படித்துக்கொள்கிறோம். ஏமாற்றம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. லிவிங்ஸ்டன் மாற்றிப் படிக்கவில்லை போலிருக்கிறது. 1873-ல் உயிர் பிரிந்த நிலையில் அவரைக் கண்டவர்கள், படுக்கையோரம் மண்டியிட்டபடி கண்டார்கள்.

நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராகவும் இருங்கள். தூக்கம் வராத ராத்திரியில், ‘இந்தக் கஷ்டம் எப்போ தீரும்?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். கூடவே, ‘நான் தனியாகவா இருக்கேன்?’ என்றும் கேட்டுப் பாருங்கள். இதற்கு ‘இல்லை’ என்று பதில் கிடைத்துவிட்டால் போதும்... முதல் கேள்வியை வைத்துக்கொண்டே விடியும் வரை தாக்குப்பிடித்துவிடலாம்!