அடுத்த பாகத்திற்காகக் காத்திருப்போர்

சென்ற ஆண்டு எமது பாடசாலை மாணவன் ஒருவன் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நாவலைப் படித்து முடித்தான். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பதுளை நகருக்கு வந்து படிக்கும் பையன் அவன். அந்நாவலின் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’ எமது நூலகத்தில் இல்லை. அன்று தொட்டு நாள்தோறும் இடைவேளையில் என்னிடம் வந்து, “சேர், ரெண்டாம் பாகம் வந்துருச்சா?” என்று கேட்கலானான். விரைவிலே அவனோடு வேறு நால்வரும் சேர்ந்துகொண்டனர். ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர் இதைக் கண்டு சிரித்தார்: “லயத்துக் கூரை ஒழுகுது, இவனுக்கு இயந்திர நாயைப் பத்தின கவலை!”

நண்பரின் சொல்லில் ஏளனம் மட்டுமன்று, தட்டிக்கழிக்க முடியாத ஒரு வினாவும் இருந்தது. நிகழ்காலத் துயர் தீராதிருக்கையில், இல்லாத உலகொன்றின் புதுயுகத்திற்காக ஏங்குவது அறமாகுமா?

இவ்வேக்கம் எமது மக்களுக்குப் புதிதன்று. காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும் தோட்டந்தோறும் ஆடப்பட்டு வந்தவை. காமன் எரிவான், ரதி புலம்புவாள், அவன் மீண்டும் உயிர் பெறுவான் என்பதை நன்கறிந்த முதியவரும் ஒவ்வொரு மாசி மாதத்தையும் எதிர்பார்த்தே இருந்தனர். பகலெல்லாம் மலையேறிக் கொழுந்து பறித்தவர்கள் இரவில் கண்விழித்துக் கதை கேட்டனர். கதைக்காகக் காத்திருந்ததனால் அவர்கள் வாழ்வை மறந்தவர்கள் என்று எவரும் கூறத் துணியார்.

உலகின் பிற பகுதிகளிலும் இதுவே நிலை. 1963 நவம்பர் 23இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ‘டொக்டர் ஹூ’ என்ற விஞ்ஞானக் கதைத் தொடர் ஆரம்பமாயிற்று. அதன் முதல் நாயக நடிகரான வில்லியம் ஹார்ட்னல் 1966இல் விலகியபோது, தொடரை நடத்தியோர் ஓர் உபாயம் கண்டனர்: நாயகன் மடிவதில்லை, உருமாறி வேறொரு முகத்தோடு எழுகிறான். தொடர் 1989இல் நின்றது. 2005இல் மீண்டும் எழுந்தது. புதிய முகம் அறிவிக்கப்படும்போதெல்லாம் இரசிகர்கள் ஒரு புதுயுகத்தை எதிர்நோக்குகின்றனர், ஐயுறுகின்றனர், வாதிடுகின்றனர்.

இவ்விரசிகர்கள் செய்த ஒரு காரியம் நம் சிந்தனைக்குரியது. தொடக்க ஆண்டுகளின் பல அத்தியாயங்களின் ஒளிப்பதிவுகளை அந்நிறுவனமே பின்னர் அழித்துவிட்டது. ஆயினும் அவற்றின் ஒலி இன்றும் கேட்கக் கிடைக்கிறது. எப்படி? ஒளிபரப்பான வேளையில் இரசிகர்கள் தம் வீடுகளிலிருந்து ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார்கள். உரிமையாளன் அழித்ததை அன்பு கொண்டவன் காத்தான். காத்திருத்தல் என்பது கைகட்டி இருத்தல் அன்று. நினைவிற் காத்து வைத்திருத்தலும் அதனுள் அடங்கும்.

இரசிகனிடம் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. முகத்தில் மயங்கி உள்ளீட்டை மறப்பவனும் இரசிகனே. ஆனால் நல்ல இரசிகன் அப்படிப்பட்டவன் அல்லன். முதற் பாகத்தில் சொல்லப்பட்டதை அவன் மறப்பதில்லை. இரண்டாம் பாகம் அதற்கு மாறுபட்டால் ஆசிரியனையே எதிர்த்துக் கேட்பான். அவனுடைய அன்பே அந்த உரிமையை அவனுக்கு வழங்குகிறது.

சுஜாதாவின் நாவலும் ஒரு புதுயுகத்தைப் பற்றியதே. நாடு முழுவதும் பணிந்து போற்றும் தலைவன் ஜீவா, உண்மையில் ஒளியாலான வெறும் பிம்பம் என்பது அதில் வெளிப்படுகிறது. அவனை வீழ்த்த எழுந்தவர்களோ நிலா என்ற எளிய பெண்ணை அரியணையில் அமர்த்திவிட்டுத் தாம் பின்னின்று ஆள்கின்றனர். முகம் மாறிற்று, ஆட்சியின் இயல்பு மாறவில்லை. இதைப் படித்த அந்த மாணவன் ஒருநாள் என்னிடம் கேட்டான்: “பின்னால இருக்கிறது யாருன்னு ஆரம்பத்திலேயே ஏன் சேர் ஒருத்தரும் கேக்கல?”

அக்கேள்விக்கு முன் நான் வாயடைத்து நின்றேன். அது நாவலைப் பற்றிய கேள்வி மட்டுந்தானா?

எங்கள் மலைகளும் பல புதுயுகங்களைக் கண்டவை. வெள்ளைத் துரைமாரின் கம்பனிகள் ஆண்டன. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு பொறுப்பேற்றபோது புதுயுகம் என்றனர். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் அவ்வாறே கூறினர். பெயர்ப்பலகைகள் மாறின, ஆயினும் இன்றும் பல குடும்பங்கள் லயத்துக் காம்பிராக்களிலேயே வாழ்கின்றன. நாளொன்றுக்கு 1000 ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டுகள் மேடைதோறும் முழங்கிய பின்னரே, 2021இல் வர்த்தமானியில் இடம்பெற்றது. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஏட்டிலே தங்கிற்று; மக்கள் லயத்திலே தங்கினர்.

வேறு போக்கிடம் அற்று அங்கே தங்கிய மக்களைக் குறை கூறுவது கொடுமை. நான் கேட்பது எழுத்தறிந்த எம் போன்றோரை நோக்கியே. சென்ற பாகத்தில் என்ன வாக்களிக்கப்பட்டது என்பதை எழுதி வைத்தவர் எம்மில் எத்தனை பேர்? ஒரு கற்பனை நாயகனின் குரலுக்காக ஒலிநாடாவைச் சுழல விட்டவர்கள் இருந்தார்கள். எம் பாட்டன் பாட்டியரின் குரலுக்காக, அவர்களுக்குச் சொல்லப்பட்ட உறுதிமொழிகளுக்காக, நாம் எதைச் சுழல விட்டோம்?

ஆகவே நண்பருக்கு என் விடை இதுதான்: அச்சிறுவனின் ஏக்கம் வீணன்று. அடுத்த பாகத்தை எதிர்பார்ப்பவனுக்கு முன்னைய பாகம் நினைவிருக்கும். நினைவிருப்பவனை ஏமாற்றுவது கடினம். அவன் ஜீனோவிடம் பழகிய அப்பழக்கத்தைத் தன் தோட்டத்தின் மீதும் செலுத்துவானாயின், நாளை மேடையேறிப் புதுயுகம் பேசுவோர் அவனுக்கு விடை சொல்லியே தீரவேண்டும்.

கொழும்பிலிருந்து நூலை வரவழைத்துக் கொடுத்தேன். மூன்றே நாளில் முடித்துவிட்டு வந்தான். சுஜாதா 2008இல் மறைந்தார் என்றும், மூன்றாம் பாகம் இல்லை என்றும் கூறினேன். சிறிது நேரம் பேசாது நின்றவன், நூலை மேசைமீது வைத்துவிட்டுச் சொன்னான்: “அப்ப மிச்சத்த நாமதான் பாத்துக்கணும் சேர்.”