ஏற்றமும் ஏமாற்றமும்

ஒரு கலையை நாம் நேசிக்கத் தொடங்குவது பெரும்பாலும் அக்கலையில் சிறந்தவர்களைக் கண்டுதான். நல்ல பாடகரின் குரல் கேட்டுப் பாட விழைகிறோம். நல்ல ஆட்டக்காரரைப் பார்த்து மட்டையைக் கையில் எடுக்கிறோம். அவ்வாறு நம்மை ஈர்த்தவர் வஞ்சகர் என்று ஒரு நாள் மெய்ப்பிக்கப்பட்டால், அவரால் நம்முள் எழுந்த நேசம் என்னாவது? ஊற்று நஞ்சு என்று தெரிந்தபின் அதில் பருகிய நீரும் நஞ்சாகிவிடுமா? இவ்வினாவை ஆராய்வதற்கு மிதிவண்டிப் பந்தயத்தைப் போல் பொருத்தமான களம் வேறொன்று கிடைப்பது அரிது. அங்கே ஏமாற்று பழமையானது. அப்பந்தயத்தை நேசிக்கும் எளிய மக்களின் தொகையோ பெரிது.

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மிதிவண்டி அயலான பொருள் அன்று. வேலை தேடி வடக்கே வந்த நம் மூத்த தலைமுறையினர் பலர், கரோல்பாகிலிருந்தும் லோதி காலனியிலிருந்தும் சைக்கிளில்தான் அலுவலகம் சென்றனர். அவர்களுக்கு அது பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்திய ஊர்தி. அவர்களின் பிள்ளைகளான நம்மில் சிலருக்கு இன்று அது வேறொன்று. விடுமுறை நாளின் விடியற்காலையில், போய்ச் சேரவேண்டிய இடம் எதுவும் இல்லாமல், மிதிப்பதற்காகவே மிதிக்கிறோம். ரிட்ஜ் சாலையின் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறோம். அது மலையன்று, ஆரவல்லித் தொடரின் தேய்ந்த வால். ஆயினும் மிதிப்பவனின் தொடைக்கு அது மலையேதான். அங்கே பதவி செல்லாது. பிரிவு அலுவலரும் கடைநிலை ஊழியரும் ஒரே விதமாய் இளைக்கின்றனர். மிதித்த அளவுக்கு வண்டி நகரும். மிதிக்காத அளவுக்கு நிற்கும். உழைப்புக்கும் பயனுக்கும் இடையே இவ்வளவு நேரான கணக்கு நம் அன்றாட வாழ்வில் வேறெங்கும் காணக் கிடைப்பதில்லை. அந்தக் கணக்கின் நேர்மையே மிதித்தலின் இன்பம் எனலாம்.

இந்த எளிய கணக்கு, பெரும் பரிசும் புகழும் வந்து சேர்ந்த இடத்தில் என்ன ஆயிற்று என்பதைக் காண்போம்.

உலகின் தலையாய மிதிவண்டிப் பந்தயம் டூர் டி பிரான்ஸ். ஒரு பிரெஞ்சு விளையாட்டு நாளேடு தன் விற்பனையைப் பெருக்கிக்கொள்ளும் பொருட்டு 1903-ஆம் ஆண்டு அதனைத் தொடங்கியது. மறு ஆண்டே முறைகேடுகள் மலிந்தன. 1904-இல் முதல் நான்கு இடங்களைப் பிடித்தவர்களும் தகுதி நீக்கப்பட்டு, ஐந்தாவதாக வந்த 19 வயது இளைஞர் ஆன்றி கோர்னே வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். 1924-இல் பந்தயத்தை இடையில் விட்டு விலகிய பெலிசியே உடன்பிறந்தார், அல்பேர் லோண்ட்ர் என்னும் பத்திரிகையாளரிடம் தம் பைகளைத் திறந்து காட்டினர். கண்ணுக்குக் கொக்கெய்ன், ஈறுக்குக் குளோரோபார்ம், அவற்றோடு பெட்டி பெட்டியாக மாத்திரைகள். தாங்கவொண்ணாத தொலைவை ஓடச் சொல்லும் அமைப்பின் கொடுமையையே அவர்கள் முறையிட்டனர்.

1967-ஆம் ஆண்டு சூலை 13-ஆம் நாள் அம்முறையீடு உயிர்ப்பலியாய் முற்றியது. தென் பிரான்சில் ஏறத்தாழ 1,910 மீட்டர் உயரமுள்ள வான்டூ மலையில், உச்சிக்குச் சற்றுக் கீழே, டாம் சிம்சன் என்னும் ஆங்கில வீரர் கடும் வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன்; 1965-இன் உலகச் சாம்பியன்; இறக்கும்போது வயது 29. அவர் உடலிலும் சட்டைப் பையிலும் ஆம்ஃபெட்டமின் என்னும் ஊக்கமருந்து இருந்தது. களைப்பு என்பது உடல் நமக்கு விடுக்கும் எச்சரிக்கை. அம்மருந்து களைப்பைப் போக்குவதில்லை. எச்சரிக்கையின் வாயைத்தான் அடைக்கிறது.

பின்னர் வந்த மருந்து இன்னும் நுட்பமானது. இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஒரு சுரப்பை நம் சிறுநீரகம் இயற்கையாகவே உண்டாக்குகிறது, அதற்கு இ.பி.ஓ. என்று பெயர். சிறுநீரக நோயாளிகளின் சோகையைத் தீர்ப்பதற்காக அதனைச் செயற்கையாக உருவாக்கி 1980-களின் இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். நோயாளிக்கு வரமாய் வந்த அதனையே பந்தய வீரர்கள் ஊசியில் ஏற்றிக்கொண்டனர். சிவப்பணு மிகுந்தால் தசைகளுக்குச் செல்லும் உயிர்வளி மிகும். ஏற்றத்தில் களைப்புக் குறையும். ஆனால் இரத்தம் தடித்து உறையும் ஆபத்தும் உண்டு. அதனைக் கண்டறியும் சோதனை அப்போது இல்லாமையால், இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டலாகாது என்று 1997-இல் ஒரு வரம்பு மட்டும் வகுத்தனர். 1998 சூலையில் ஃபெஸ்டினா அணியின் ஊழியர் ஒருவர் பெல்ஜிய எல்லையில் நூற்றுக்கணக்கான மருந்துக் குப்பிகளோடு பிடிபட்டார். அதன்பின் 1999-இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு தோன்றியது.

அதே 1999-இல்தான் புற்றுநோயிலிருந்து மீண்ட லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் என்னும் அமெரிக்கர் தம் முதல் வெற்றியைப் பெற்றார். 2005 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றார். உலகெங்கும் நோயாளிகள் அவர் கதையைக் கேட்டு நம்பிக்கை கொண்டனர். அவருடைய அறக்கட்டளையின் மஞ்சள் கைவளையங்கள் கோடிக்கணக்கில் விற்றன. ஐயம் எழுப்பியவர்கள்மீது அவர் வழக்குத் தொடுத்தார். 2012-இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு உடன் ஓடியவர்களின் வாக்குமூலங்களோடு அறிக்கை வெளியிட்டது. ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013 சனவரியில் தொலைக்காட்சியில் அவரே ஒப்புக்கொண்டார். பறித்த பட்டங்களை அடுத்து வந்தவர்க்கு வழங்கவும் இல்லை. வெற்றியாளர் பட்டியலில் அந்த ஏழு ஆண்டுகளும் இன்று வெற்றிடமாகவே உள்ளன. பதிவேடுகளோடு வாழும் நம் போன்ற எழுத்தர்களுக்கு அந்த வெற்றிடத்தின் பொருள் நன்கு விளங்கும்: இந்தக் காலத்தைப் பற்றி எவராலும் சான்றளிக்க இயலவில்லை என்பதே அது.

இங்கே ஒரு வாதம் எழுவதுண்டு. எல்லோரும்தான் மருந்து உட்கொண்டனர். ஆகவே போட்டி சமமாகவே இருந்தது. இதில் யார் யாரை ஏமாற்றினார் என்பது அவ்வாதம். அலுவலகங்களில் பணிபுரியும் நமக்கு இது பழகிய குரல். செல்லாத ஊருக்குப் பயணப்படிப் பட்டியல் எழுதுகின்றவரும் எல்லோரும் செய்வதுதானே என்றுதான் கூறுகிறார். எனவே இவ்வாதத்தை விளையாட்டு உலகின் பேச்சு என்று தள்ளிவிடாமல் எடைபோட்டுப் பார்ப்பது நமக்கும் நன்று.

முதலாவது, அந்தச் சமம் சமமன்று. இயற்கையில் சிவப்பணுக்களின் பங்கு நாற்பது உடையவர் ஐம்பது வரை ஏற்றிக்கொள்ள இடமுண்டு. பிறப்பிலேயே நாற்பத்தெட்டு உடையவருக்கு அந்த இடமில்லை. மருந்தால் மிகுந்த பயன் பெறும் உடலே முந்துகிறது. சிறந்த உடல் முந்துவதில்லை. இரண்டாவது, எல்லோரும் என்னும் சொல்லே பொய். ஃபெஸ்டினா அணியிலேயே கிறிஸ்தோஃப் பாசோன் என்னும் பிரெஞ்சு வீரர் மருந்தைத் தொடவில்லை என்று பிடிபட்ட அவர் தோழர்களே சான்று கூறினர். அவர் 1999-இல் பந்தயத்தின் நடுவே ஊக்கமருந்தைப் பற்றி நாளேட்டில் வெளிப்படையாக எழுதினார். உடன் ஓடியவர்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினர். பந்தயத்தை விட்டுப் போகுமாறு ஆம்ஸ்ட்ராங் அவரிடம் நேரிலேயே கூறினார். மனமுடைந்து அவர் பாதியில் விலகினார். எல்லோரும் செய்கிறார்கள் என்பது நிகழ்ந்ததைக் கூறும் வாக்கியமன்று. செய்யாதவனை வெளியேற்றிவிட்டு, எஞ்சியவர்களை எண்ணிச் சொல்லும் வாக்கியம்.

மூன்றாவது காரணமே நம் வினாவுக்கு மிக நெருங்கியது. பந்தயம் என்பது ஒருவர் முயற்சியை மற்றவர்கள் படித்தறியும் ஏடு. மலையேற்றத்தில் ஒருவர் தனித்து முன்னேறும்போது, மனித உடலால் இதுவும் இயலும் என்று நாம் படிக்கிறோம். ஏடே பொய்யாய் எழுதப்பட்டுவிட்டால், உண்மையாய் ஓடியவரின் முயற்சியையும் நம்ப முடியாமற் போகிறது. வஞ்சகர் திருடிய பொருள்களுள் பதக்கம் சிறியது. நேர்மையாளரை நம்பும் நம் ஆற்றலையே அவர் திருடிக்கொண்டு போகிறார். அதனை எந்தத் தீர்ப்பாயத்தாலும் மீட்டுத் தர முடிவதில்லை.

திருவள்ளுவர் கூடாவொழுக்கம், கள்ளாமை, வாய்மை என்னும் மூன்று அதிகாரங்களையும் 28, 29, 30 என அடுத்தடுத்து வைத்துள்ளமை இங்கு எண்ணத் தக்கது. உள்ளொன்றும் புறமொன்றுமாய் ஒழுகுதல், பிறர் பொருளைக் கவர்தல், பொய்த்தல் ஆகிய மூன்றும் ஒரு கதவின் மூன்று கீல்கள் போன்றவை. ஊக்கமருந்து என்பது மருத்துவச் சிக்கல் மட்டுமன்று. இம்மூன்றும் ஒருங்கே சேர்ந்த அறப்பிழை.

இவ்வளவும் கூலிக்காக ஓடுவோரின் இழிவு, ஆர்வத்துக்காக மிதிக்கும் நாம் தூயோர் என்று நெஞ்சை நிமிர்த்த முடியுமா? முடியாது. 2012-இல் நியூயார்க்கில் பொதுமக்களுக்காக நடந்த ஒரு நெடுந்தொலைவு மிதிவண்டிப் போட்டியில் இ.பி.ஓ. உட்கொண்ட இருவர் சோதனையில் சிக்கினர். இருவரும் தொழில்முறை வீரர் அல்லர். அண்டை வீட்டுக்காரரைவிட ஒரு நிமிடம் முந்துவதற்காகவும் மனிதன் தன் குருதியில் நஞ்சேற்றிக்கொள்வான் என்பது இதனால் தெளிவாகிறது. ஆகவே தீமையின் வேர் ஊதியத்தில் மட்டும் இல்லை. மிதித்தலின் பயன் மிதித்தலுக்கு வெளியே, பிறர் கண்ணில், பட்டியலின் முதல் வரியில் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கும் இடத்தில் அவ்வேர் இறங்குகிறது.

இதற்கு மாற்றான வழக்கமும் அதே பிரான்சில் உண்டு. பாரிசிலிருந்து பிரெஸ்ட் நகருக்குச் சென்று மீளும் 1,200 கிலோமீட்டர் ஓட்டம் 1891-இல் பெரும் பந்தயமாய்த் தொடங்கியது. பரிசுக்கான அந்தப் பந்தயம் 1951-உடன் நின்றுபோயிற்று. பரிசில்லாத ஓட்டமோ நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை இன்றும் நடக்கிறது. மிகுதியான கால வரம்பு 90 மணி. வழியில் சாவடிதோறும் அட்டையில் முத்திரை பெறவேண்டும். முதல்வர் என்று எவருக்கும் பட்டம் இல்லை. அதற்குத் தகுதி பெற 200, 300, 400, 600 கிலோமீட்டர் ஓட்டங்களை முடித்திருக்க வேண்டும். இத்தகைய ஓட்டங்கள் நம் நாட்டின் பல நகரங்களிலும் நடைபெறுகின்றன. 2019-லும் 2023-லும் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் சென்று கலந்துகொண்டனர். குறித்த நேரத்துக்குள் திரும்ப இயலாதவர்களும் அவர்களுள் பலர். அவர்கள் தோற்றவர் ஆகார். தம் எல்லையைத் தாமே அளந்து அறிந்தவர்கள். அந்த அளவீட்டில் மருந்து கலந்தால் ஏமாறுவது அளப்பவனே.

இனி நம் தொடக்க வினாவுக்கு வருவோம். ஆம்ஸ்ட்ராங்கின் கதை கேட்டு நோய்ப் படுக்கையிலிருந்து எழுந்தவரின் நம்பிக்கை பொய்யா? அன்று. 1996-இல் அவருக்கு நோய் வந்ததும் அதிலிருந்து மீண்டதும் உண்மை. நோயாளியைத் தேற்றியது அந்த உண்மையே. அதன்மேல் அவர் கட்டிய ஏழு அடுக்குப் பொய் அதற்கு எதனையும் கூட்டவில்லை. அவ்வாறே, அவரைப் பார்த்து முதன்முதலில் சைக்கிள் ஏறியவர் கடந்த ஒவ்வொரு மேடும் அவர்தம் காலால் கடந்ததே. விளக்கை ஏற்றியவன் திருடன் என்பதால் அவ்வொளியில் நாம் படித்த எழுத்து பொய்யாவதில்லை. ஆனால் திருடனை விளக்கு என்று இனியும் வணங்குதல் கூடாது. நன்றியையும் தீர்ப்பையும் வேறு வேறாக வைத்துக்கொள்ளக் கற்பதே முதிர்ச்சி.

வான்டூ மலையில் சிம்சன் விழுந்த இடத்தருகே ஒரு நினைவுக்கல் நிற்கிறது. பெதுவான் சிற்றூரிலிருந்து ஏறத்தாழ 21 கிலோமீட்டர் மூச்சிரைக்க ஏறி வரும் எளிய ஓட்டிகள் பலர் அங்கே இறங்கி, தம் தொப்பியையோ தண்ணீர்க் குடுவையையோ வைத்துவிட்டுச் செல்வர். அவர் உட்கொண்ட மருந்தை அறியாதவர்கள் அல்லர் அவர்கள். அதே வெயிலில், அதே ஏற்றத்தில், தம் உடல் விடுத்த எச்சரிக்கையைக் கேட்டு வந்தவர்கள். அதனைக் கேட்க விடாமல் ஒரு மனிதனை விரட்டிய ஆசையையும் அச்சத்தையும் எண்ணி இரங்குகிறார்கள். செயலைக் கண்டிப்பதும் செய்தவனுக்கு இரங்குவதும் ஒரே உள்ளத்தில் அமைய முடியும் என்பதற்கு அக்குடுவைகளே சான்று.

ஊரை விட்டு வந்து இங்கே ஊன்றிக்கொண்ட நம் குடும்பங்களில், பிள்ளைகளுக்கு நாம் நாள்தோறும் ஓதுவது முந்து என்னும் ஒரு சொல்லே. மதிப்பெண்ணில் முந்து, தேர்வில் முந்து, அடுத்த வீட்டுப் பிள்ளையை முந்து. முந்துவது தவறன்று. ஆனால் எதன் துணையால் முந்தினாய் என்று கேட்க மறந்துவிட்டால், எல்லோரும் செய்கிறார்கள் என்னும் விடையை அவர்கள் வாயில் நாமே வைத்தவர்கள் ஆவோம். மாதம் ஒரு நாளேனும் பிள்ளையைச் சைக்கிளில் ஒரு மேட்டுக்கு அழைத்துச் செல்லலாம். யாரும் பாராத இடத்தில், பரிசு எதுவும் இல்லாமல், சொந்தக் காலால் ஏறி முடிக்கும் மகிழ்ச்சியை ஒரு முறை அறிந்த பிள்ளைக்கு, அந்த மகிழ்ச்சியை எவரும் ஊசியில் விற்க முடியாது.