பிழைக்குப் பின் முதல் கடன்

2018 டிசம்பர் தொடக்கத்தில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்குச் சிகிச்சை பெற்ற கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. அந்த ரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்தது. பிழையை வெளிக்கொண்டுவந்தவர் ரத்தம் கொடுத்த இளைஞர். வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தொற்றை அறிந்ததும் அவரே முன்வந்து சொன்னார். 2016-இல் அவர் ரத்தம் கொடுத்தபோதே தொற்று கண்டறியப்பட்டும் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. 2018 டிசம்பர் முடிவில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 2019 ஜனவரியில் அந்தத் தாய்க்கு மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் குழந்தை பிறந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

பேறுகாலத்தில் பிழை நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் சேர வேண்டியது எது? பணமா, தண்டனையா, உண்மையா?

மருத்துவர்களின் அச்சத்தில் நியாயம் உண்டு. உதிரப்போக்கும் ஜன்னியும் குழந்தையின் மூச்சுத்திணறலும் எல்லாக் கவனத்தையும் மீறி வரக்கூடியவை. மூளை முடக்குவாதத்தின் காரணம் பல சமயம் கருவிலேயே இருக்கிறது. மருத்துவரின் கடும் அலட்சியம் மட்டுமே குற்றமாகும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. அது சரியான காப்பு. ஆனால் சிறையிலிருந்து காக்கும் சட்டம், மௌனம் காக்கும் உரிமையைத் தரவில்லை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கே வகுக்கப்பட்ட 2002-ஆம் ஆண்டு நெறிமுறை.

மௌனத்தின் சுமை ஏழைகள் மீதே அதிகம் விழுகிறது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பணம் கட்டிப் பிரசவம் பார்த்தவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ அரசு மருத்துவமனையை நம்பிய கூலித்தொழிலாளியின் மனைவி வேறு வழி தேட வேண்டும்; பெரும்பாலும் அது உயர் நீதிமன்றத்தில் போய் முடியும். என்ன நடந்தது என்றே தெரியாத ஒருவர் எதை வைத்து வழக்குத் தொடுப்பார்?

ஜப்பான் 2009-இல் வேறொரு வழியைத் தொடங்கியது. பிரசவத்தை ஒட்டி மூளை முடக்குவாதம் வந்த குழந்தை வரையறைக்குள் வந்தால், யார் மீதும் குற்றத்தை நிரூபிக்காமலே குடும்பத்துக்கு 3 கோடி யென் தவணைகளாகக் கிடைக்கும். காரணம் தனியே ஆராயப்பட்டு, அறிக்கை பெற்றோருக்கும் மருத்துவமனைக்கும் தரப்படும். குற்றம் காணாமல் பணம் கொடுத்தால் அலட்சியம் வளராதா என்று கேட்கலாம். வளரும், ஆராய்ச்சி இல்லாமல் பணம் மட்டும் கொடுத்தால். பிழையை மூடி வைத்தாலோ அதைவிட வேகமாக வளரும். 2016-இல் ஓர் இளைஞரிடம் சொல்லப்படாத உண்மை, 2018-இல் ஒரு தாயின் உடலில் ஏறியது.

ஆகவே வரிசை தெளிவானது. முதலில் உண்மை: அன்றைக்கே, மூத்த மருத்துவர் வாயால், கேஸ் ஷீட்டின் நகலோடு. அடுத்து, வழக்கின் முடிவுக்குக் காத்திராத உதவி. கடும் அலட்சியம் தெரிந்தால் தண்டனை. பாதிக்கப்பட்ட தாய்க்கும் குழந்தைக்கும் அரசு தரும் பணம் பெரிதாக இருக்கலாம். உண்மையை மறைத்துக்கொண்டு தரும் பணம் கடனை அடைப்பதில்லை.