கருணைத் தோட்டா

முயலைச் சுடுவதற்கு ஏற்ற தோட்டா எது? துப்பாக்கிக்காரர் பேசவேண்டிய இந்தப் பேச்சுக்கு அறம் பேசும் ஏட்டில் என்ன வேலை என்று தோழர்கள் சிலர் எண்ணக்கூடும். கொல்வது என்று துணிந்தபின் எதனால் கொன்றால் என்ன என்போர் ஒருபுறம். கொலை என்ற சொல் காதில் விழுந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சீலர்கள் மறுபுறம். இந்த இரு சாராரும் எண்ணிப் பார்க்க மறுக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் நின்றே நாம் பேச விரும்புகிறோம்.

கோபிசெட்டிபாளையத்தில் வாய்க்கால் பாயும் வயல்களைத் தாண்டினால் கடலைக்காடும் சோளக்காடும். வடக்கே சத்தியமங்கலம் மலைக்காடு. பிடரியில் கறுப்புத் திட்டுடைய நம் நாட்டு முயல் மேட்டாங்காட்டுப் பிராணி. சீமை முயலைப் போல் அது வளை தோண்டுவதில்லை. பகலில் புல்லுக்குள் பதுங்கியிருந்து, இரவில் இளங்குருத்தை மேயும். தடியும் வலையும் நாயும் கொண்டு அதை வேட்டையாடினர் முன்னோர். நாட்டுத் துப்பாக்கி வந்தபின் கரிமருந்தைக் கிட்டித்து, ஈய ரவையையோ சைக்கிள் பால்ரஸ் குண்டுகளையோ போட்டுச் சுட்டனர். சிதறிய ரவையில் ஒன்று காலில் படும். ஒன்று வயிற்றில் பாயும். முயல் புதருக்குள் ஓடி மறையும். துடித்துத் துடித்து விடியுமுன் சாகும். வெறுங்கையோடு வீடு திரும்பும் வேட்டைக்காரன் சொல்வதென்ன? “அதன் விதி அவ்வளவுதான்!”

ஏழையின் பட்டினிக்கு விதியைக் காட்டினார்கள். இளம்பெண்ணின் கைம்மைக்கு விதியைக் காட்டினார்கள். இப்போது முயலின் ஒடிந்த காலுக்கும் விதிதான் காரணமாம்! அந்த விதியை எழுதியவன் பிரமனா? தகாத குண்டை நிரப்பியவன் எழுதினான். எட்டாத தூரத்திலிருந்து விசையை இழுத்தவன் எழுதினான். மனிதன் செய்த வினைக்கு மனிதனே பொறுப்பு என்பது பகுத்தறிவின் முதற்பாடம். அந்தப் பாடம் மேடையில் மட்டுமன்றி, முயற்புதரின் ஓரத்திலும் செல்லுபடியாகவேண்டும்.

வெள்ளையர் நாடுகளில் முயல் வேட்டைக்குப் பெரிதும் பயன்படுவது, நம் என்.சி.சி. மாணவர்கள் குறிபார்த்துப் பழகும் ‘பாயிண்ட் டூ டூ’ துப்பாக்கி. அதன் தோட்டாவில், வெடிக்கத் தூண்டும் மருந்து அடிப்பகுதியின் விளிம்புக்குள் இருக்கும். துப்பாக்கியின் முள் அந்த விளிம்பை நசுக்கும்போது தீப்பொறி பிறக்கும். விளிம்பு நசுங்கவேண்டுமானால் பித்தளைக்கூடு மெல்லியதாக இருக்கவேண்டும். ஆகவே பெருவெடியை அது தாங்காது. குண்டும் சிறியதே, வழக்கமான எடை 40 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம்.

இச்சிறு குண்டிலும் வகைகள் உண்டு. முனை திரண்ட கெட்டிக் குண்டு, முயலின் மெல்லுடலை ஊடுருவி மறுபுறம் போய்விடும். புண்பட்ட முயல் ஓடும். முனையில் குழிவுள்ள குண்டு, உடலுக்குள் மலர்ந்து விரிந்து தன் வேகம் முழுவதையும் அங்கேயே செலவிடும்; சாவு விரைந்து வரும். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். அதனினும் சற்றுக் குறைந்த வேகத்தில் செல்லும் தோட்டா, வானைக் கிழிக்கும் ஓசையை எழுப்புவதில்லை. ஆனால் தொலைவு கூடக்கூட விரைந்து தாழும். ஆகவே ஐம்பது மீட்டருக்குள் தலையைக் குறிபார்த்துச் சுடுக. குழிமுனைத் தோட்டாவைக் கொள்க. உன் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா ஒத்துவருகிறது என்பதை முதலில் காகிதத்தில் சுட்டுக் காண்க என்கிறார்கள் தேர்ந்தவர்கள். பாறையில் பட்டால் இக்குண்டு தெறிக்கும்; தடையின்றிப் பறந்தால் ஒரு மைலுக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். இரவில் தண்ணீர் பாய்ச்சும் உழவன் எந்த வரப்பில் நிற்கிறான் என்பதை அது அறியாது.

இனி, ஒரு விந்தையைக் காண்போம். உடலுக்குள் விரியும் குண்டுக்கு உலகம் அறிந்த பெயர் ‘டம்டம்’. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் 1890-களில் அதைச் செய்தவர்கள் பிரிட்டிஷார். 1899-இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், போரில் அது கொடுமை என்று தடைசெய்தன. அங்கே பிரிட்டனின் பிரதிநிதி அதற்காக வாதாடினார். நாகரிக நாட்டுப் படைவீரன் அடிபட்டால் நின்றுவிடுவானாம். காட்டுமிராண்டியோ அடிபட்ட பின்னும் பாய்ந்து வருவானாம். அவனை நிறுத்த இந்தக் குண்டுதான் வேண்டுமாம்! மனிதரைத் தரம் பிரித்து, ஒருவன் வலி வலி, இன்னொருவன் வலி வலியன்று எனும் வருணாசிரமம் மேற்கிலும் இருந்தது.

மனிதனுக்குக் கொடுமையான குண்டு முயலுக்கு மட்டும் எப்படிக் கருணையாயிற்று? போரில் பகைவனைச் செயலிழக்கச் செய்தால் போதும். பிழைக்கக்கூடியவனைச் சிதைப்பது தேவையற்ற துன்பம். வேட்டையிலோ நோக்கமே சாவு. அதை நீட்டிப்பதுதான் தேவையற்ற துன்பம். ஆகவே கருணை ஈயத்தில் இல்லை. இழைக்கும் துன்பம் தேவைதானா என்ற கேள்வியில் இருக்கிறது. “எந்தத் தோட்டா?” என்று நேர்மையாகக் கேட்பவன், “எதற்காக?” என்ற கேள்விக்கும் வந்தே தீரவேண்டும்.

ஆஸ்திரேலியாவில் அதற்கு விடை உண்டு. 1859-இல் விக்டோரியாவில் வேட்டை விளையாட்டுக்கென விடப்பட்ட சீமை முயல்கள் பல்கிப் பெருகி, புல்வெளியையும் பயிரையும் பாழாக்கின. நம் முயல் அப்படி வந்தேறியதன்று, இம்மண்ணிலேயே பிறந்தது. கடலைச் செடியைக் காக்கத் தாழ்வான கம்பிவலை வேலி போதும். சட்டமும் வழிகாட்டுகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயலையும் காக்கிறது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம், உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்தது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ, ‘பாயிண்ட் டூ டூ’வைத் துப்பாக்கிக் கழகத்தினர் இலக்குப் பயிற்சிக்குக் கொள்ளும் கருவியாகவே பேசுகிறது.

“வெள்ளைத் துரையும் ஜமீன்தாரும் ஆடிய வேட்டையை எளியவன் ஆடக்கூடாதா?” என்று கேட்கும் இளைஞரை நாம் அறிவோம். 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமம் கேட்க வைத்து, ஐரோப்பியருக்கு விலக்களித்தது உண்மையே. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஆண்டையின் சவுக்கை நாம் வாங்கிக்கொள்வதா சமத்துவம்? சவுக்கையே ஒழிப்பதன்றோ சமத்துவம்! “பொங்கலுக்கு முயல் வேட்டை பழைய வழக்கம், சாமியே பாரிவேட்டைக்குப் போகிறதே” என்பாரும் உளர். பழமை ஒன்றே சான்று எனில் உடன்கட்டையும் நிலைத்திருக்கவேண்டும்.

நாம் புலால் உண்போரைப் பழிப்பவர் அல்லர். இலையில் இருப்பதை வைத்து மனிதனை அளந்து, தீண்டாமைக்குத் தத்துவம் சமைத்தவர்களின் சீவகாருண்யத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. பசிக்குக் கண்ணி வைத்த ஏழையையும், பொழுதுபோக்குக்குக் காரின் விளக்கைப் பாய்ச்சிச் சுடும் செல்வனையும் ஒரே தராசில் நிறுக்கவும் மாட்டோம். ஆனால் ஆட்டிறைச்சி உண்பவனுக்கும் ஒரு கடமை உண்டு: கத்தி கூராக இருக்கிறதா என்று கேட்கும் கடமை. உண்பதற்கு உரிமை உண்டு என்பதால் வதைப்பதற்கு உரிமை வந்துவிடாது.

ஆகவே தோழர்களே! குறிபார்க்கும் கலையில் விருப்பமிருந்தால் காகித இலக்கைச் சுடுங்கள். கண்ணும் கையும் ஒன்றுபடும் அந்தப் பயிற்சி நல்லதே. முயல் பெருந்தீங்காகிவிட்ட நாட்டில், சட்டம் இசைய, சுட்டே ஆகவேண்டிய நிலை வந்தால், ஏற்ற தோட்டாவைத் தேர்ந்து, அருகில் நின்று, ஒரே குண்டில் முடியுங்கள். அந்த அளவு கவலை எடுத்துக்கொள்ள மனமில்லாதவன் விசையில் விரல் வைக்கத் தகுதியற்றவன். நம் கொங்குக் காட்டிலோ அதற்குத் தேவையே இல்லை. அடிபட்ட உயிரைப் புதரில் விட்டுவிட்டு விதியின் பெயரைச் சொல்லி வீடு திரும்பும் வழக்கம் நம் தலைமுறையோடு ஒழியட்டும்!