பழைய தோழமையைப் பேணுங்கள்

 

வயது ஏற ஏற மனிதனை விட்டு ஒவ்வொன்றாக விலகிப் போகின்றன. பெற்றோர் மௌத்தாகி விடுகின்றனர். பிள்ளைகள் பிழைப்புத் தேடிச் சென்னைக்கும் துபாய்க்கும் போய்விடுகின்றனர். கண்ணும் காலும் சொன்னபடி கேட்பதில்லை. அந்த நாளில், நம்மோடு அமர்ந்து அலிஃப், பே ஓதியவர், நம் தகப்பனாரின் முகம் அறிந்தவர் எத்தனை பேர் மிஞ்சுவர்? முதுமையில் புதிய தோழர் கிடைக்கலாம். ஐம்பது வருடப் பழக்கம் புதிதாகக் கிடைக்காது.

இதை நமக்குக் கற்றுத் தந்தவர்கள் நாயகம் (ஸல்) அவர்கள். கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து பல வருடங்கள் சென்ற பின்பும், வீட்டில் ஆடு அறுத்தால் இறைச்சியைப் பங்கிட்டு, கதீஜா நாயகியின் தோழியருக்கு அனுப்பி வைப்பார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

இப்னு உமர் (ரலி) அவர்கள் மக்கா செல்லும் வழியில் ஒரு கிராமத்து அரபியைக் கண்டார்கள். தாம் ஏறிச் செல்லும் கழுதையையும் தலைப்பாகையையும் அவருக்கே கொடுத்து விட்டார்கள். கிராமவாசிக்குச் சிறிது கொடுத்தாலே போதுமே என்றனர் உடனிருந்தோர். இவருடைய தந்தை என் தந்தை உமரின் அன்புக்குரியவர். தந்தையின் நேசர்களோடு உறவைப் பேணுவது நன்மைகளில் சிறந்தது என்று நாயகம் (ஸல்) சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று விளக்கமளித்தார்கள் அந்த ஸஹாபி.

எங்கள் காஞ்சிபுரத்தோடு தொடர்புள்ள ஒரு செய்தியையும் பாருங்கள். 1925 நவம்பரில் இங்கு நடந்த காங்கிரஸ் மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததால் பெரியார் ஈ.வெ.ரா. வெளியேறினார். அதன்பின் அவர் வழி வேறு, பழைய நண்பர் ராஜாஜியின் வழி வேறு. 1938ல் ராஜாஜியின் ஆட்சியிலேயே, இந்தி எதிர்ப்புக்காகப் பெரியார் சிறை சென்றார். 1953ல் கல்வித் திட்டத்தில் மீண்டும் மோதினர். இடையில் 1949ல், தம் சொந்த விஷயத்தில் யோசனை கேட்கப் பெரியார் திருவண்ணாமலையில் சந்தித்தது அதே ராஜாஜியைத்தான்! 1972 டிசம்பர் 25ல் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் வடித்தார். மறு வருடம் டிசம்பர் 24ல் அவரும் மறைந்தார்.

அவ்விருவரின் கொள்கையும் நம் கொள்கையல்ல. ஒருவரோ கடவுளே இல்லை என்றவர். மறுமையின் கூலியை எதிர்பாராதவரே தோழமையை இவ்வளவு பேணினார் என்றால், மறுமையை நம்பும் நாம் எவ்வளவு பேண வேண்டும்?

நம் மஹல்லாக்களின் நிலை என்ன? ஜமாஅத் தேர்தலில் எதிர்த்து நின்றார், பிறை விஷயத்தில் மாற்றிப் பேசினார், நிகாஹுக்கு முறைப்படி அழைக்கவில்லை என்று, நாற்பது வருட நண்பர்கள் பேச்சை நிறுத்தி விடுகின்றனர். ஒரே ஸஃப்பில் நின்று தொழுகின்றனர். தொழுகையை முடிக்கும்போது வலப்பக்கம் திரும்பி ஸலாம் சொல்கிறோமே, அங்கே இருப்பவர் அவர்தான்! பக்கத்தில் உள்ளவரையும் அந்த ஸலாமில் நிய்யத் செய்வது சுன்னத் என்று ஃபிக்ஹு கிதாபுகள் கூறுகின்றன. பள்ளிவாசல் படி இறங்கியதும் அந்த ஸலாம் எங்கே போயிற்று?

மூன்று நாட்களுக்கு மேல் சகோதரனை வெறுத்து ஒதுங்குவது ஆகுமானதல்ல. இருவரில் முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்பது நபிமொழி. திங்களும் வியாழனும் சொர்க்கத்தின் வாசல்கள் திறக்கப்பட்டு, இணை வைக்காதோருக்கு மன்னிப்பு வழங்கப்படுகிறது. பகைத்திருக்கும் இருவரின் மன்னிப்பு மட்டும் அவர்கள் சமாதானமாகும் வரை நிறுத்தி வைக்கப்படுகிறது என்றும் முஸ்லிமில் வந்துள்ளது. எண்பது வயதில் நமக்கு இன்னும் எத்தனை திங்கள், எத்தனை வியாழன் மீதம்?

எங்கள் ஊர்க் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதை நெய்யத் தறியில் ஒருவர் மட்டும் அமர்ந்தால் போதாது. மறுபக்கக் கரைக்கு நாடா எறிய இன்னொருவர் வேண்டும். நிறம் வேறானாலும் இணைப்பு விடாது. கருத்து வேறானாலும் தோழமை அறுந்துபோக வேண்டியதில்லை. ஆனால் இரு பக்கமும் கை வேண்டும்.

ஆகவே பெரியவர்களே! உங்கள் பழைய நண்பரின் ஜனாஸாவில் அழுவதற்குக் காத்திருக்காதீர்கள். இன்றே அவர் வீட்டு வாசலில் ஸலாம் சொல்லுங்கள். தாய்மார்களே! நோயுற்ற தோழிக்கு ஒரு கிண்ணம் கஞ்சி அனுப்புங்கள். பிள்ளைகளே! தகப்பனாரை அவருடைய நண்பர் வீட்டுக்கு வண்டியில் அழைத்துச் செல்லுங்கள். அவர் மௌத்தாகி விட்டிருந்தால், அந்த நண்பரை நீங்களே போய் விசாரியுங்கள். அதுவும் தகப்பனாருக்குச் செய்யும் கடமைதான்.

மறுமை நாளில் தக்வா உடையோரைத் தவிர மற்ற நண்பர்கள் ஒருவருக்கொருவர் பகைவராகி விடுவர் என்று ஸூரத்துஸ் ஸுக்ருஃப் எச்சரிக்கிறது. அந்நாளிலும் நிலைக்கும் தோழமையை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! பிரிந்த உள்ளங்களைச் சேர்த்து வைப்பானாக! ஆமீன்.