பெட்டியின் கனம்

ஆடி மாதத்தில் கொல்கத்தாவுக்குப் புறப்படுகிறவர்களின் வீட்டில் இரண்டு நாள் முன்பாகவே விவாதம் தொடங்கிவிடும். சென்னையில் அப்போது காற்றுக் காலம். நமக்கு அடைமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். அங்கேயோ ஜூலை, ஆகஸ்டு இரண்டிலும் மாதத்துக்குச் சராசரி 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழை பெய்தால் குளிர்ந்துவிடும் என்று எண்ணவும் இடமில்லை. பகலில் 32, 33 டிகிரி வெப்பம். காற்று முழுவதும் ஈரம். ஆகவே, நனைந்தால் மாற்றிக்கொள்ள ஓர் உடுப்பு, வியர்த்தால் மாற்றிக்கொள்ள ஓர் உடுப்பு, இரண்டும் காயாவிட்டால் உடுத்திக்கொள்ள இன்னோர் உடுப்பு என்று கணக்கு வளர்கிறது. பெரிய மனிதர் யாரையாவது பார்க்க நேர்ந்தால் இருக்கட்டும் என்று தோல் பூட்ஸும் உள்ளே போகிறது. கடைசியில் ஒருவர் பெட்டியின்மேல் உட்கார்ந்து அழுத்தினால்தான் மற்றவர் பூட்ட முடிகிறது.

இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் சிரிப்புக்கு அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது. தன் சௌகரியத்துக்காக ஒரு மனிதன் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்?

ரயில்வேக்காரர்கள் இதற்குக் கிலோக் கணக்கில் விடை வைத்திருக்கிறார்கள். படுக்கை வகுப்பில் 40 கிலோ, ஏ.சி. முதல் வகுப்பில் 70 கிலோ வரை இலவசமாகக் கொண்டுபோகலாம். டிக்கெட்டின் விலை ஏற ஏற உரிமையும் ஏறுகிறது. சட்டத்துக்கு அவ்வளவு போதும். ஆனால் அந்தக் கனம் யார் தலையில் ஏறுகிறது என்பதைச் சட்டம் கேட்பதில்லை. அதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெட்டியை நிரப்புவது பெரும்பாலும் தேவையல்ல, பயம். அந்தப் பயத்துக்குப் பல சமயம் புத்தியும் துணையிருப்பதில்லை. நம் உடம்பு குளிர்வது வியர்வை சுரப்பதால் அல்ல, அந்த வியர்வை உலர்வதால். ஈரக் காற்றில் அது எளிதில் உலராது. உடம்பின் மேல் உலராதது கொடியின் மேல் மட்டும் உலர்ந்துவிடுமா? தடித்த ஜீன்ஸ் ஒருமுறை நனைந்தால் மறுநாளும் பிழியப் பிழியத் தண்ணீர் விடும். தோல் பூட்ஸில் பூஞ்சை பூத்துவிடும். பத்து கனத்த உடைகளால் ஆகாத காரியம் நான்கு மெல்லிய பருத்தி உடைகளால் ஆகும். இரவில் அலசி விசிறிக்கடியில் போட்டால் காலையில் ஒருவாறு உடுத்திக்கொள்ளலாம். அதிகம் எடுத்துச் சென்றவனுக்குக் கிடைப்பது அதிக ஈரத் துணிதான்.

முன்பெல்லாம் இந்தப் பயத்துக்கு ஒரு கடிவாளம் இருந்தது. டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் கை வலித்தது; வலித்த கை இரண்டு சாமான்களை எடுத்து வெளியே வைத்தது. 1972-இல் அமெரிக்காவில் பெர்னார்ட் சாடோ என்பவர் சக்கரம் வைத்த பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கு அது பெரிய உபகாரம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பிறகு பெட்டியின் கனம் பெட்டிக்காரருக்கே தெரியாமல் போயிற்று. வழவழப்பான தரையில் 30 கிலோவும் மூன்று கிலோவைப் போல உருள்கிறது.

கொல்கத்தா மழை அந்த மாயத்தைக் கலைத்துவிடும். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தால் போதும், நகரின் தாழ்வான தெருக்களில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரில் சக்கரம் உருளாது. அப்போது பெட்டியைத் தூக்க ஒரு மனிதனின் தோள் வேண்டும், அல்லது தலை வேண்டும்.

அங்கே இன்னும் கைரிக்‌ஷாக்கள் இருக்கின்றன. மனிதனை மனிதன் இழுப்பது இழிவு என்று 2006-இல் சட்டசபை அதை ஒழிக்கச் சட்டமே இயற்றியது. ஆயினும், எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வந்தபோதிலும், அவை முற்றிலும் மறையவில்லை. மோட்டார் வண்டிகள் நின்றுவிடும் வெள்ளத்தில், மணியைக் குலுக்கிக்கொண்டு அந்த மனிதர்தான் வருகிறார். 1953-இல் பிமல் ராய் எடுத்த ‘தோ பீகா ஜமீன்’ படத்தில், நிலத்தை மீட்பதற்காகக் கல்கத்தாவுக்கு வந்து ரிக்‌ஷா இழுக்கும் விவசாயியாக பல்ராஜ் ஸாஹ்னி நடித்தார். படம் பார்த்துக் கண் கலங்கியவர்களும் ஒரு மழை நாளில் அந்த நகரத்தில் ரிக்‌ஷாவைத் தேடித்தான் நிற்க வேண்டியிருக்கும்.

ஏறலாமா, கூடாதா? இரக்கப்பட்டு ஏறாமல் நடந்தால் நம் மனச்சாட்சி சுத்தமாகிறது. அவர் வயிறு காய்கிறது. ஏறினால் அவருக்குக் கூலி கிடைக்கிறது. அந்தக் கூலிக்காக அவர் நெஞ்சு வலிக்க இழுக்கிறார். இரண்டில் எது தர்மம் என்று சட்டசபையாலேயே தீர்த்துவிட முடியாதபோது, தெருவோரத்தில் நனைந்துகொண்டு நிற்கும் பிரயாணி தீர்த்துவிட முடியாது. ஏறுவதானால், பேரம் பேசாமல் நல்ல கூலி கொடுத்து ஏறலாம். ஆனால் காலடியில் இருக்கும் பெட்டிக்கு அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதில் பாதி, அவன் ஒருநாளும் தொடப் போகாத சாமான். “கூலிதான் கொடுக்கிறேனே!” என்பான். கூலி அவருடைய உழைப்புக்கு விலை. அந்த உழைப்பை வீணாக்குவதற்கு அது அனுமதிச் சீட்டாகுமா?

இதைப் படித்துவிட்டு, ஒரு வேட்டியும் துண்டுமாகப் புறப்படுவதே உத்தமம் என்று யாராவது எண்ணினால் அதுவும் பிசகுதான். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் காலை வரை பெய்த பெருமழையில் கொல்கத்தா மூழ்கியது. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து பலர் இறந்தார்கள். அப்படிப்பட்ட இரவில், எதையும் சுமக்காத பெருமையோடு வந்து இறங்கிய விருந்தாளி, “சர்க்கரை மாத்திரை கொண்டுவர மறந்துவிட்டேன்” என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுப் பிள்ளை குடையை எடுத்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்க வேண்டும். கையை வீசிக்கொண்டு வந்தவருடைய சுமை எங்கும் போய்விடவில்லை. அந்தப் பிள்ளையின் தலைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, அதிகம் எடுப்பவரும் எடுக்காதவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். இருவருமே தங்கள் பங்கைப் பிறரிடம் தள்ளிவிடுகிறார்கள். எது இல்லாவிட்டால் நாம் இன்னொருவருக்குப் பாரமாவோமோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும்: மருந்து, மருத்துவரின் சீட்டு, குடை, ரப்பர் செருப்பு, காகிதங்களைச் சுற்றிவைக்க ஒரு பிளாஸ்டிக் உறை. எதை எடுத்துப்போனால் இன்னொருவருக்குப் பாரமாவோமோ அதை விட்டுவிட வேண்டும். பட்டும் பூட்ஸும் “இருக்கட்டும்” என்ற வார்த்தையோடு உள்ளே போனவை எல்லாமும் அந்த இனம்.

இப்படி அளந்து எடுத்துக்கொண்ட ஒருவர் அதே கல்கத்தாவிலிருந்து 1902-இல் புறப்பட்டார். கோகலேயின் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்த காந்தி, மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் கஷ்டத்தை அறிய விரும்பி அதே வகுப்பில் ராஜ்கோட்டுக்குக் கிளம்பினார். 12 அணாவுக்கு ஒரு கான்வாஸ் பை வாங்கினார். அதில் ஒரு கோட்டு, ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஒரு சட்டை. தனியே ஒரு போர்வையும் தண்ணீருக்கு ஒரு பாத்திரமும். கோட்டையும் போர்வையையும் அவர் விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வழியில் குளிரில் நடுங்கி அடுத்தவர் போர்வையைக் கேட்பது துறவாகாது அல்லவா? கோகலே ஒரு டப்பா நிறையப் பூரியும் இனிப்பும் கொடுத்தனுப்பினார். அதையும் காந்தி வாங்கிக்கொண்டார். எல்லாவற்றையும் தானே கட்டிக்கொண்டு புறப்படுகிறவனுக்கு ஒருவர் அன்போடு கொடுக்கும் டப்பாவை வைக்க இடமிருக்காது.

ஆகவே பெட்டியைப் பூட்டிய பிறகு ஒரு காரியம் செய்து பாருங்கள். சக்கரத்தை மறந்துவிட்டு, கையில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி வரை ஒருமுறை ஏறி இறங்குங்கள். ஏற முடியாத வயதும் உடம்பும் உள்ளவர்கள் தூக்கப் போகிறவரை ஒரு நிமிஷம் மனத்தில் நினைத்துக்கொண்டால் போதும். மூச்சு வாங்கினால் பெட்டியைத் திறந்து, “இருக்கட்டும்” என்று வைத்தவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். கீழே எடுத்துவைத்த பூட்ஸ் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கும். முழங்கால் தண்ணீரில் நிற்கும் ஒரு மனிதருக்கு இரண்டு கிலோ குறைந்திருக்கும்.