பிறந்தது நல்ல செய்திதானா?

"இறைவன் அருளால் பெண் குழந்தை பிறந்துள்ளது. தாயும் சேயும் நலம்." மயிலாப்பூர் வீடுகளிலிருந்து வாட்ஸப்பில் கிளம்பும் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கருவிலேயே பாலினம் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பதால், ஆணா பெண்ணா என்பது ஊருக்கு அப்போதுதான் தெரிகிறது. பெண் என்றால் 'மகாலட்சுமி வந்திருக்கிறாள்' என்று ஒரு வரியும் சேர்ந்துகொள்ளும். வாழ்த்துதான், கொஞ்சம் ஆறுதல் வாடையும் அடிக்கிறது.

இதில் இடறுவது 'அருளால்' என்பது. உயிர் உடலெடுப்பது வினையால் என்கிறது சைவம். இனிப் பிறக்கவே கூடாது என்று சிவனிடம் வரம் கேட்டவர் நாயன்மார்களில் ஒருவரான காரைக்கால் அம்மையார். விடுபட வேண்டிய ஒன்றுக்கு ஜாங்கிரி கொடுப்பானேன்?

சைவ சித்தாந்திகளிடம் விடை உண்டு. தனு (உடல்), கரணம் (கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்ச்சி) நான்கும் உயிரைப் பற்றிய மலம் என்ற மாசு கழிவதற்காக இறைவன் தருபவை. ஆகவே பிறப்பும் அருளே. வாதம் கச்சிதம். ஆனால் பிரசவ வார்டு வாசலில் நிற்கும் தாத்தா மலத்தையா நினைக்கிறார்?

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் கதையில் வேறொரு விடை இருக்கிறது. மயிலை வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்தாள். எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்துக் காத்திருந்தார் தந்தை. திருஞானசம்பந்தர் வந்து பதிகம் பாடினார். அதில் தத்துவ விளக்கம் குறைவு. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊர்த் திருவிழாக்களை வரிசையாகச் சொல்லி, இவற்றைப் பார்க்காமலா போவாய் என்று கேட்கிறார். வினையோ மோட்சமோ அல்ல, வேடிக்கை பார்ப்பதுதான் அங்கே பிறக்கக் காரணம். பிறவி அறுப்பதைப் பாடிய அதே வாய்தான் இதையும் பாடியது என்பது சுவாரசியம்.

பூம்பாவை எழுந்து வந்தாள். மகளை மணந்துகொள்ளுங்கள் என்றார் சிவநேசர். சம்பந்தர் மறுத்தார்: உயிர் வந்தது சிவனருளால், ஆனாலும் நான் வருவித்ததால் இவள் எனக்கு மகள்.

அருள் சிவனுடையது, தகப்பன் இன்னொருவர். மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழில் இந்தச் சிக்கலுக்கு இடமில்லை. பெற்றோர் பெயரோடு முடிந்துவிடுகிறது. கோயிலில்தான் இடமுண்டு: பூம்பாவை உயிர்த்தெழுந்த நிகழ்ச்சியைப் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலை அங்கே நடத்துகிறார்கள். அன்று மாலைதான் அறுபத்து மூன்று நாயன்மார்களின் உலாவான அறுபத்து மூவர் விழா. கூட்டத்தில் தோளில் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் குழந்தைகள் ஏராளம்.